வீட்டுல அவங்க

டயர் கடைக்காரருக்கு இரண்டு பெண்கள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பேரையும் அவர்தான் வளர்த்து ஆளாக்கினார்.

பெரியவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். கட்டிய புருஷன் கை நீட்டுகிறவன். ஒரே ஒரு பையோடு அப்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். போன வாரம்தான் கோர்ட்டில் அந்தக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டார்கள். சின்னவள் பேக்கரியில் கேக்கின் மேல் பூவும் பேரும் போடுகிறவள். அவள் குடித்தனம் நடத்துவது ஆணோடு இல்லை, ஒரு பெண்ணோடு. அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் வாலிபால் சொல்லிக்கொடுக்கிறாள். எல்லோருக்கும் அவள் ‘கோச்’. அக்காவுக்கு விடுதலை கிடைத்த அன்று தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் வந்து கேக் தின்றுவிட்டுப் போனான். கூடப் பிறந்த தங்கச்சி மட்டும் வரவில்லை. கடையில் வேலை என்று சொல்லிவிட்டாள்.

எல்லோரும் அதை நம்பினார்கள். அது முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது.

கடை வாசலில் ஒரு லாரி, ஒரு சக்கரம் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றது. டயர் கடைக்காரர் தரையில் குந்தியிருந்து கம்பியை விட்டு டயரை நெம்பிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பரை அவர் எடுப்பதில்லை. எடுத்தால் எவளாவது தேன் மாதிரிப் பேசி லோன் வேண்டுமா என்று கேட்பாள். ஆனால் இது விடாமல் அடித்தது.

“லோன் வேணாம்,” என்றார் எடுத்தவுடனே.

“சார், நான் எலும்பு ஆஸ்பத்திரியிலேருந்து நர்ஸ் பேசறேன். உங்க பொண்ணு இங்க இருக்காங்க. மணிக்கட்டுல எலும்பு விட்டிருக்கு. வீட்டுக்காரர்தான் முறுக்கியிருக்கார் போல. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அழறாங்க. மனசு கேக்கல, நானே பேசறேன். சீக்கிரம் வாங்க.”

வைத்துவிட்டாள்.

எந்தப் பெண் என்று அவர் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? வீட்டுக்காரன் என்று ஒருவன் வாய்த்தது ஒருத்திக்குத்தானே. பெரியவளுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டார். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். லாரிக்காரன், “அண்ணே, என் சக்கரம்!” என்று கத்தியது அவர் காதில் விழவே இல்லை. கையில் இருந்த கம்பியைக் கீழே போடவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் பழைய மருமகனின் பெயின்ட் கடை. வேறு ரோட்டில் இருந்திருந்தால் அன்றைக்கு அவன் சட்டை தப்பித்திருக்கும்.

கடையில் அவன் ஒரு பச்சையைக் கலக்கிக்கொண்டு நின்றான். வாடிக்கையாளரிடம் எவ்வளவு பணிவு! “இன்னும் கொஞ்சம் வெளுப்பா வேணுங்களா அக்கா?” வீட்டில் கை நீட்டுகிறவர்கள் கடையில் இப்படித்தான் நிற்பார்கள். அந்தப் பணிவைப் பார்த்து ஏமாந்துதான் டயர் கடைக்காரர் பெண்ணைக் கொடுத்தார். இனி எவனுடைய பணிவையும் அவர் நம்பப் போவதில்லை.

சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

“கோர்ட்டுல தோத்துட்டு வந்து கையை உடைக்கிறியாடா நாயே!”

“மாமா! மாமா! என்ன மாமா?”

“எவன்டா உனக்கு மாமா? அதைத்தானே போன வாரம் ஜட்ஜ் புடுங்கினாரு!”

“நான் அவளைக் கோர்ட்டுல பார்த்ததோட சரி. சத்தியமா!”

“உன் சத்தியத்தைக் கொண்டு போய் இந்த டப்பாவுல கலக்கு!”

பிடித்து உலுக்கிய உலுக்கலில் பெயின்ட் டப்பா சரிந்தது. பச்சை முழுக்க அவர் சட்டையிலேயே வந்து விழுந்தது. வாடிக்கையாளர் அக்கா கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஒரு கையில் சட்டைக் காலர், இன்னொரு கையில் கம்பி. பையிலிருந்து கல்லா மேல் விழுந்து கிடந்த போனை மூக்கால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, எதுக்கு இத்தனை மிஸ்டு கால்? கிளாஸ்ல போனை அணைச்சு வெப்பேன்னு தெரியாதா?” பெரியவள் குரல்.

“நீ எந்த ரூம்ல இருக்கம்மா?”

“ரூமா? ரவுண்டானாவுல இருக்கேன். தையல்கார அம்மா ஓட்டறாங்க. சுத்திக்கிட்டே இருக்கோம், வெளிய வரத் தெரியல.”

“கை?”

“எந்தக் கை?”

“உன் கைதாம்மா! உடைஞ்ச கை!”

“என் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. உனக்கு என்ன ஆச்சு?”

“அதைத்தான் மாமா நானும் சொல்றேன்,” என்றான் காலருக்குள்ளிருந்து பெயின்ட் கடைக்காரன்.

“அது யாரு? அப்பா, நீ எங்க இருக்க?”

அவர் சொன்னார். நர்ஸ் சொன்னதை, சொன்னது சொன்னபடி சொன்னார். அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடிப்பது கேட்டது.

“அப்பா,” என்றாள் பெரியவள் கடைசியில். “உனக்கு இன்னொரு பொண்ணு இருக்கா.”

“அவளுக்கு ஏதும்மா வீட்டுக்காரன்?”

“அவ வீட்டுக்காரன்னு சொல்லியிருக்க மாட்டா. ‘வீட்டுல அவங்க’ன்னு சொல்லியிருப்பா. எப்பவும் அப்படித்தானே சொல்லுவா? அவங்க வந்துட்டாங்களா, அவங்க சாப்பிட்டாங்களான்னு. கேட்ட நர்ஸு அதைப் புருஷன்னு எடுத்துக்கிட்டிருக்கும்.”

“அவங்கன்னா...”

“அந்த வீட்டுல இருக்கறது ரெண்டே பேருப்பா.”

டயர் கடைக்காரரின் பிடி தானாகத் தளர்ந்தது.

“அங்க ஆம்பளையே கிடையாதேம்மா,” என்றார்.

இரண்டு வருஷமாக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. சின்னவள் ஒரு பெண்ணோடு வாழப் போகிறேன் என்று வந்து நின்றபோது குதியோ குதி என்று குதித்தார். பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பெரியவள் கன்னம் வீங்கி வந்து நின்ற அன்று மனசு மாறிவிட்டது. போகட்டும், சின்னவள் வீட்டில் ஆம்பளை இல்லை, கை ஓங்க ஆள் இல்லை, நிம்மதியாக இருப்பாள் என்று தேறிக்கொண்டார். அதோடு அந்தக் கோச்சுக்கே முன்னால் ஒரு புருஷன் இருந்தான். பிடித்துத்தான் கட்டினாள். அவன் அடித்தான். அந்தக் கதையை அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொன்னபோது, கல்லு மாதிரி இருக்கிற இந்த மனுஷன் கண் கலங்கினார். அடி வாங்கினவள் அடிக்க மாட்டாள் என்று நினைத்தார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை.

“ஆம்பளை இல்லன்னா அடி இல்லன்னு யாருப்பா சொன்னா?” என்றாள் பெரியவள். “நேரா ஆஸ்பத்திரிக்கு வா. வாயைத் திறக்காதே. வேற யாரையும் அடிக்காதே.”

அவர் காலரை விட்டார். பெயின்ட் கடைக்காரன் கிழிந்த சட்டையைத் தடவிக்கொண்டு, ஒரு வார்த்தை மன்னிப்பு வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றான். செய்யாத தப்புக்கு அன்றைக்கு அவன் சட்டை கிழிந்தது. செய்த தப்புக்கு ஒரு நாளும் கிழிந்ததில்லை. டயர் கடைக்காரர் கணக்கு சரிதான் என்று ஸ்கூட்டரில் ஏறினார்.

ரவுண்டானாவில் பெரியவள் பக்கத்து சீட்டில் இருந்தபடியே ஸ்டீயரிங்கை ஒரு கையால் பிடித்து இழுத்தாள். கார் ரவுண்டானாவை விட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது.

“ஐயோ டீச்சர், எங்க போறோம்?” என்றாள் தையல்கார அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்ட ஆசைப்பட்டவள். கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றாமலே கிளாசுக்கு வருகிறவள்.

“ஆஸ்பத்திரிக்கு.”

“நான் இன்னும் யாரையும் இடிக்கலையே!”

“என் தங்கச்சி கையை உடைச்சிட்டாங்க. நீங்க இறங்கிக்கிறீங்களா, நான் ஓட்டட்டுமா?”

தையல்கார அம்மா கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் வரிசையாக வண்டிகள். “இறங்கி மாறி உக்கார நேரம் ஆகும்,” என்றாள். “பிரேக் உங்க கால்லயும் இருக்குல்ல? நான் மிதிக்கிறேன், நீங்க பார்த்துக்குங்க.”

மிதித்தாள். தலையில் பலகை கட்டிய பயிற்சி வண்டி, கற்றுக்கொள்கிறவள் ஓட்டுகிறாள் என்று ஊருக்கே தெரியும். எதிரில் வந்த பஸ் கூட ஒதுங்கி வழி விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வேறு கூத்து.

“உள்ள விட முடியாது சார்,” என்று டயர் கடைக்காரரைக் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றான் செக்யூரிட்டி.

“என் பொண்ணுய்யா உள்ள!”

“எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. கை உடைஞ்ச பொண்ணு ரூம் பக்கம் ஆம்பளை ஒருத்தரையும் விடக் கூடாதுன்னு சிஸ்டர் ஆர்டர். புருஷன்காரன் வந்தா கலாட்டா பண்ணுவானாம்.” அவன் கண் கம்பி மேல் போனது. பிறகு பச்சைச் சட்டை மேல் போனது. “நீங்க அவருக்குச் சொந்தமா?”

தப்பில்லை. அந்தக் கோலத்தில் அவரை எந்தக் காவல்காரனும் விடமாட்டான்.

“அங்க யாரு இருக்கா அவகூட?” என்று கேட்டாள், மூச்சிரைக்க வந்து சேர்ந்த பெரியவள்.

“ஃப்ரெண்டு ஒருத்தங்க. உயரமா. ரொம்ப நல்ல மாதிரி. எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாங்க.”

அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடித்தவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அப்பனை வாசலில் நிறுத்திக் காவல் காக்கிறார்கள்! நர்சைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் ஒரு ஆம்பளையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“கம்பியைக் கொடுப்பா,” என்று வாங்கிக் காருக்குள் போட்டாள் பெரியவள். “இங்கயே நில்லு. நான் அவளை வெளிய அனுப்பறேன். பேச்சுக் கொடுத்து நிறுத்தி வை.”

“நான் என்னத்தைப் பேசறது? கழுத்தை நெரிக்கத்தான் வருது எனக்கு.”

“வாலிபால் பத்திப் பேசு.”

உள்ளே கட்டிலில் சின்னவள். வலது மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கேக்கில் பேர் எழுதுகிற கை. பக்கத்தில் நாற்காலியை ஒட்டிப் போட்டுக்கொண்டு கோச். ஆரஞ்சுச் சுளையை உரித்து, நார் எடுத்து, அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கண் நிறையும்.

“வாங்கக்கா!” கோச் எழுந்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். “பாருங்க உங்க தங்கச்சியை. படியில பார்த்து இறங்குன்னு எத்தனை தடவை சொல்றது? விழுந்து வெச்சிருக்கா. நேத்து ராத்திரியெல்லாம் நான் தூங்கல.”

“விழுந்துட்டேன்க்கா,” என்றாள் சின்னவள். சொல்லிவிட்டுக் கோச்சின் முகத்தைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்கிற மாதிரி.

அந்தப் பார்வை பெரியவளுக்குத் தெரியும். பெயின்ட் கடைக்காரன் பக்கத்தில் நின்று நாலு வருஷம் அவள் பார்த்த பார்வை.

நர்ஸ் பெரியவளைக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள். “நீங்க அக்காவா? நல்ல வேளை. அந்தாளு எப்ப வேணாலும் வந்துடுவான். டாக்டர் போகலாம்னு சொல்லிட்டார். பின்பக்கமா அந்த ஃப்ரெண்டுகூட அனுப்பிடறேன், யாருக்கும் தெரியாது.”

“அவகூட அனுப்பாதீங்க சிஸ்டர்.”

“பின்ன? அந்தப் பொண்ணே அவங்ககூடத்தான் போறேங்குது. மேஜரான பொண்ணு, அது சொல்றதைத்தானே நான் கேக்கணும்?”

இதோ, சக்கர நாற்காலி கூட வந்துவிட்டது. அதில் ஏறி உட்கார்ந்தால் பின் கதவு. பின் கதவைத் தாண்டினால் கோச் சுற்றிக் கொண்டுவரும் பைக். அதற்கப்புறம் அந்த வீடு. மணிக்கட்டு போன இடத்தில் அடுத்தது எது போகும் என்று யாருக்குத் தெரியும்?

பெரியவள் கோச்சின் தோளில் கை வைத்தாள். சிரித்தாள். எப்படிச் சிரித்தோம் என்று பிறகு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“கோச், ஒரு உதவி. அப்பா வாசல்ல நின்னு கத்திக்கிட்டிருக்கார். செக்யூரிட்டி விட மாட்டேங்கறான். நான் சொன்னா கேக்க மாட்டார், உங்க பேச்சைத்தான் கேப்பார். கொஞ்சம் சமாதானப்படுத்துங்களேன்.”

கோச் ஒரு கணம் யோசித்தாள். சின்னவளைப் பார்த்தாள். “இங்கயே இரு. எங்கயும் போகாத,” என்றாள், கன்னத்தைச் செல்லமாகத் தட்டி. தட்டியபோது சின்னவளின் கண் இரண்டும் இறுக மூடித் திறந்தன. நர்ஸ் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னவென்று புரியாமல் நின்றாள்.

வாசலில் டயர் கடைக்காரர் மரம் மாதிரி நின்றார். கோச் வந்தாள். “என்னப்பா இது கோலம்?” என்று தன் கைக்குட்டையை எடுத்து, அவர் சட்டையில் பெயின்டைத் துடைக்க ஆரம்பித்தாள். பெற்ற பெண்கள் கூட அப்படித் துடைத்ததில்லை. உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்கிற மாதிரி இருந்தது அவருக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“வாலிபால்ல,” என்று ஆரம்பித்தார், “எத்தனை பேரு?”

“அப்பா?”

“ஒரு பக்கத்துக்கு. எத்தனை பேரு ஆடுவாங்க?”

உள்ளே பெரியவள் கட்டிலில் ஏறித் தங்கச்சிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சீக்கிரம் சொல்லு. யாரு?”

“விழுந்துட்டேன்க்கா. நீ போ. அவங்க வந்துடுவாங்க.”

“எவங்க?”

“அவங்கதான்.”

“பேரு இல்லையா அவங்களுக்கு? ஆணா பெண்ணா? ஒண்ணா பத்தா? ‘அவங்க’ன்னா யாருடி?”

சின்னவள் உதட்டைக் கடித்தாள். “சொன்னா என்ன பண்ணப் போறீங்க? அப்பவே சொன்னோமே, பொம்பளையும் பொம்பளையும் சேர்ந்தா இப்படித்தான்னு சொல்லுவீங்க. உனக்கு ஒரு புருஷன் தப்பாப் போனான், யாரும் கல்யாணமே தப்புன்னு சொல்லல. எனக்குன்னா எல்லாமே தப்புன்னு சொல்லுவாங்கக்கா. பேக்கரியில யாருக்கும் தெரியாது. நான் அவங்களை விட்டுட்டுப் போனா அங்க வந்து எல்லாத்தையும் சொல்லிடுவேங்கறாங்க.”

“நான் அப்படிச் சொல்லுவேனா?”

“நீ சொல்ல மாட்ட. நான்தான் சொன்னேன்.” அவள் குரல் உடைந்தது. “உன்னை அந்த வீட்டுலேருந்து கூட்டிட்டு வந்தப்ப, ஆட்டோவுல வெச்சு என்ன சொன்னேன்? ஆம்பளைங்களே இப்படித்தான்க்கா, என்னைப் பாரு, நான் எவ்வளவு நிம்மதியா இருக்கேன்னு சொன்னேன். அப்பவே அவங்க ஒரு தடவை அடிச்சிருந்தாங்க. அதுக்கப்புறம் எந்த வாயால வந்து உன்கிட்ட சொல்றது? போன வாரம் நான் வராததுக்கும் கடை வேலை காரணம் இல்ல.”

பெரியவளுக்கு அழ நேரமில்லை.

“நானும் அதைக் கேட்டு ஆமான்னு தலையாட்டினேன்டி. நாம ரெண்டு பேரும் முட்டாளுங்க. விடு. இப்ப அந்தக் கதவு வழியா யாரு வரப் போறா, உன்னை யாரு கூட்டிட்டுப் போகப் போறா, அதை மட்டும் சொல்லு. என்கிட்ட சொல்ல வேணாம். இதோ நிக்குதே இந்த நர்ஸு, இதுகிட்ட சொல்லு. இன்னும் இது மீசை வெச்ச ஆளைத் தேடிக்கிட்டிருக்கு.”

நர்ஸ், “என்னையா சொல்றீங்க?” என்றாள்.

சின்னவள் நர்சைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

“அவங்க இல்ல சிஸ்டர்,” என்றாள். “அவ. என் கையை முறுக்கினது அவதான். இப்ப வெளிய போச்சே, அதுதான்.”

நர்சின் கையில் இருந்த மாத்திரைப் பொட்டலம் அப்படியே நின்றது. “அந்த ஃப்ரெண்டா?”

“ஃப்ரெண்டு இல்ல. நாங்க ரெண்டு பேரும் குடும்பம்.”

“அட, பொம்பளைங்களுக்குள்ள சண்டையா,” என்று நர்சின் வாயில் பாதி வந்துவிட்டது. மாவுக்கட்டைப் பார்த்தாள். சற்று முன் இறுக மூடிய அந்தக் கண்களை நினைத்தாள். மீதியை முழுங்கினாள். முழுங்கிய வேகத்திலேயே வராந்தாவுக்கு ஓடினாள். அவள் போட்ட சத்தத்தில் எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள்.

“செக்யூரிட்டி! ஆம்பளையை உள்ள விடு! பொம்பளையை நிறுத்து!”

“எந்தப் பொம்பளையை சிஸ்டர்?”

“அந்தாளு சட்டையைத் துடைக்குதே, அந்தப் பொம்பளையை!”

கோச் திரும்பி உள்ளே பாய்ந்தாள். செக்யூரிட்டி குறுக்கே நின்றான். பாவம், அவன் குடித்த டீ அவள் வாங்கிக் கொடுத்தது. இருந்தாலும் நின்றான்.

“விடுய்யா! அவ என் வீட்டுக்காரி! நான்தான் கூட்டிட்டு வந்தேன், நான்தான் கூட்டிட்டுப் போவேன்!” அதுவரை யாரும் கேட்காத குரல். அந்த இனிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சட்டென்று அதுவும் மாறியது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “அப்பா... எனக்கு யார்ப்பா இருக்கா? நான் பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும்ல? கோவத்துல ஒரு தடவை தெரியாம...”

டயர் கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார்.

“உன் புருஷன் உன்னை அடிச்சதுக்கு நான் அழுதேன்,” என்றார். “அது பொய்யில்ல. இன்னைக்கும் அவன் கிடைச்சா விட மாட்டேன். ஆனா என் பொண்ணு கையை முறுக்கினது அவன் இல்லையே.”

அவளைத் தாண்டி உள்ளே நடந்தார். எத்தனை பேர் ஒரு பக்கத்துக்கு என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பின் கதவு வழியாகத்தான் போனார்கள். நாற்காலி வேண்டாம் என்று சின்னவள் நடந்தே வந்தாள். “போலீசுக்குச் சொல்லிட்டேன், வந்து எழுதிக்குவாங்க, இருங்க,” என்று நர்ஸ் பின்னாலேயே வந்தாள். சுவரை ஒட்டிச் சுற்றி வந்தால் கார், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தையல்கார அம்மா ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. எடுத்தால் வண்டி நின்றுவிடுமோ என்று பயம்.

“ஸ்கூட்டர் கிடக்கட்டும்,” என்று டயர் கடைக்காரர் பின் சீட்டில் ஏறினார். “நேரா நம்ம வீட்டுக்கு விடும்மா.”

“இல்லப்பா,” என்றாள் சின்னவள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவ்வளவுதான், மனசு மாறிவிட்டது, திரும்பிப் போகப் போகிறாள் என்று நினைத்தாள் பெரியவள்.

“என் வீட்டுக்குப் போகணும். அது என் பேர்ல எடுத்த வீடு. என் சம்பளத்துல வாங்கின அடுப்பு. என் கேக் சாமான் எல்லாம் அங்க இருக்கு. அக்கா ஒரு பையோட வந்தா. எல்லாத்தையும் அவன்கிட்ட விட்டுட்டு வந்தா. இன்னைக்கு வரைக்கும் அவ கல்யாணப் புடவை அவன் பீரோவுலதான் தொங்குது. நான் அப்படி வர மாட்டேன். போகணும்னா அவ போகட்டும்.” ஜன்னல் வழியாக நர்சைப் பார்த்தாள். “போலீசை அங்கயே வரச் சொல்லுங்க சிஸ்டர். அட்ரஸ் உங்ககிட்ட இருக்குல்ல?”

“இருக்கு,” என்றாள் நர்ஸ். அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

டயர் கடைக்காரர் சின்னப் பெண்ணை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“சாவி இருக்கா?” என்று மட்டும் கேட்டாள் பெரியவள்.

“இருக்கு. அவகிட்டயும் ஒண்ணு இருக்கு.”

பைக் ஒன்று உறுமும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி முன் வாசலில் இருந்து சிவப்பு பைக் ஒன்று பாய்ந்து வெளியே வந்தது. ஓட்டுகிறவள் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மார்க்கெட் சந்துக்குள் நுழைந்து மறைந்தாள்.

“அது குறுக்கு வழி,” என்றாள் சின்னவள். முகம் வெளுத்துவிட்டது. “வீட்டுக்குத்தான் போறா. நமக்கு முன்னாடி போயிட்டா உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குவா. என் சாமான் ஒண்ணையும் மிச்சம் வெக்க மாட்டா. அம்மா, வேகமா ஓட்டுங்கம்மா!”

“வேகமாவா?” தையல்கார அம்மா கியரைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். “நாலாவது கியர் எனக்கு இன்னும் சொல்லித்தரலையே!”

பெரியவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பிரேக்கில் இருந்து காலை எடுத்தாள்.

“கிளட்ச்சை மிதிங்க,” என்றாள். “இப்ப சொல்லித்தரேன்.”